செய்கூலி எடையை வென்ற வெள்ளி

நகைக்கடை ரசீதை உற்று நோக்குவோர்க்கு ஓர் உண்மை எளிதில் விளங்கும். உலோகத்தின் விலை ஒரு வரி. செய்கூலியும் சேதாரமும் அடுத்த வரி. வாங்கும் நாளில் இரண்டுக்கும் பணம் கொடுக்கிறோம். விற்கும் நாளில் முதல் வரி மட்டுமே நம்மிடம் திரும்புகிறது. நகையை ஈடாகப் பெறும் வங்கியாளர்களாகிய நாங்களும் இதற்கு விலக்கல்லர். கற்களைக் கழித்து, செய்கூலியை ஒதுக்கி, உலோகத்தின் மதிப்பை மட்டுமே கணக்கில் கொள்கிறோம். கடன் பாதுகாப்புக்கு அதுவே முறை. ஆயினும், அம்முறைக்குள் அடங்காத நகைகளும் உலகில் உண்டு.

பாதுகாப்புப் பெட்டகத்தைத் திறக்க எங்கள் கிளைக்கு வந்த மூத்த வாடிக்கையாளர் ஒருவர், அகன்ற வெள்ளி வளையல் ஒன்றை எங்களிடம் காட்டினார். மறைந்த அவருடைய கணவர் வெளிநாட்டுப் பணியிலிருந்து திரும்பியபோது வாங்கி வந்தது. “பழைய வெள்ளிதானே, விலையும் ஏறிக் கிடக்கிறது. உருக்கிப் பேத்திக்குக் கொலுசு செய்துவிடலாமா?” என்று கேட்டார். “அவசரப்பட வேண்டாம், அம்மா. உட்புறத்தை ஒருமுறை பார்த்துவிடுவோம்” என்றோம். அங்கே மிகச் சிறிய கழுகு முத்திரையொன்றும், ‘தாஸ்கோ’ என்னும் ஊர்ப்பெயரும் இருந்தன.

தாஸ்கோ, மெக்சிகோ நாட்டின் கெரேரோ மாநிலத்து மலையூர். ஸ்பானியர் 16ஆம் நூற்றாண்டிலேயே அங்கு வெள்ளி எடுக்கத் தொடங்கினர். சுரங்கத்தால் பெருஞ்செல்வரான ஹோசே தெ லா போர்தா, 18ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுப்பிய சாந்தா பிரிஸ்கா தேவாலயம் இன்றும் அவ்வூரின் அடையாளமாக நிற்கிறது. ஆனால், மண்ணிலிருந்து வந்த வெள்ளியின் பெரும்பகுதி கட்டியாகவும் நாணயமாகவும் வெளியே சென்றது. ஊருக்கு மிஞ்சியது சிறிதே.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் வில்லியம் ஸ்பிராட்லிங். அமெரிக்காவின் துலேன் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை கற்பித்த அவர், 1929இல் மெக்சிகோவில் குடியேறினார். வெள்ளி விளையும் ஊரில் வெள்ளித் தொழில் இல்லையே என்று அந்நாளைய அமெரிக்கத் தூதர் டுவைட் மாரோ ஆதங்கப்பட்டதே அவருக்குத் தூண்டுதலாயிற்று என்பர். 1931இல் அவர் சிறிய பட்டறை ஒன்றைத் திறந்தார். அருகிலிருந்த இகுவாலா நகரத்துப் பொற்கொல்லரை வரவழைத்தார். உள்ளூர் இளைஞரைத் தொழில் பழகச் சேர்த்துக்கொண்டார். ஐரோப்பிய நகைகளைப் படியெடுக்காமல், ஸ்பானியர் வருகைக்கு முந்தைய மெக்சிகோவின் சிற்பங்களிலும் முத்திரைகளிலும் இருந்த வடிவங்களைக் கொண்டு புதிய நகைகளை வரைந்தார். செவ்வந்திக்கல், எரிமலைக் கண்ணாடிக்கல், கடினமரம், ஆமையோடு ஆகியவை வெள்ளியோடு இணைந்தன.

இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவின் ஆடம்பரப் பொருள்கள் அமெரிக்காவுக்கு வருவது குன்றியது. அங்காடிகள் தாஸ்கோவை நாடின. பட்டறையின் பணியாளர் நூற்றுக்கணக்கில் பெருகினர். தேவையை ஈடுகட்ட வெளியார் முதலீடு சேர்க்கப்பட்டது. நிர்வாகம் ஸ்பிராட்லிங்கின் கைவிட்டுப் போயிற்று. போர் முடிந்த சிறிது காலத்திற்குள் நிறுவனம் நொடித்தது. கணக்கேட்டை மட்டும் பார்ப்பவர், கதை அத்துடன் முடிந்தது என்றே எழுதுவார்.

நிறுவனம் நொடித்தது, தொழில் நொடியவில்லை. அங்கே பழகியவர்கள் தத்தம் பட்டறைகளைத் தொடங்கியிருந்தனர். காஸ்டில்லோ சகோதரர்கள் வெள்ளி, செம்பு, பித்தளை ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் நுட்பத்தில் பேர் பெற்றனர். அந்தோனியோ பினேடா கல் பதிப்பதில் புகழடைந்தார். எக்டர் அகிலார், மார்கோட் ஆகியோரின் பட்டறைகளும் தழைத்தன. முதலீடு கரைந்தாலும் கைத்திறன் கரையாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று எங்களுக்குத் தெரியவில்லை.

இந்நகைகளை அறியும் வழி யாது? முதலில் முத்திரை. 925 என்பது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. எஞ்சியது பெரும்பாலும் செம்பு. ஸ்பிராட்லிங்கின் சில நகைகளில் 980 என்றும், பினேடாவின் நகைகளில் 970 என்றும் காணலாம். 1940களின் பிற்பகுதியிலிருந்து மெக்சிகோ அரசின் கழுகு முத்திரை வழங்கிற்று. அதனுள் பட்டறையையோ ஊரையோ குறிக்கும் எண் இருக்கும். 1980ஐ ஒட்டி அது நீங்கி, எழுத்தும் எண்ணும் சேர்ந்த பதிவுக் குறி வந்தது. ஆகவே, கழுகு இருப்பின் நகை பெரும்பாலும் அதற்கு முந்தையது.

முத்திரையை மட்டும் நம்பிவிடலாகாது. அதையும் போலியாக அடிப்பவர் உண்டு. நகையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நல்ல பட்டறையில் பின்புறமும் முன்புறத்தைப் போலவே செம்மையாக இழைக்கப்பட்டிருக்கும். கீலும் கொக்கியும் உறுதியாக இருக்கும். அச்சில் வார்த்த போலியில் விளிம்புகள் மழுங்கி, பின்புறம் சொரசொரப்பாக இருப்பதுண்டு. பெருந்தொகை கொடுக்குமுன் அறிந்தவரிடம் காட்டுவதே நன்று.

பேணுதலும் எளிதே. மென்துணியில் சுற்றிக் காற்றுப் புகாத பையில் வைக்கலாம். ரப்பர் வளையம் கூடாது. அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். பள்ளங்களில் உள்ள கருமை கலைஞர் வேண்டுமென்றே ஏற்றியதாக இருக்கலாம். அதைத் தேய்த்துப் போக்கினால் வேலைப்பாட்டின் அழகும் போய்விடும். பெட்டகத்தில் வைப்பவற்றின் பட்டியல் வங்கியிடம் இராது. எனவே எடை, முத்திரை, இருபுறப் புகைப்படம், வாங்கிய ரசீது ஆகியவற்றை நீங்களே பாதுகாத்து, குடும்பத்தாருக்கும் தெரிவித்து வையுங்கள்.

1980 ஜனவரியில் வெள்ளி விலை அவுன்சுக்கு 50 டாலரை நெருங்கியபோது, உலகெங்கும் பழைய வெள்ளிப் பொருள்கள் உலைக்குப் போயின. உருக்கியவர்கள் உலோகத்தின் விலையைப் பெற்றனர். செய்கூலியை நெருப்புக்குக் கொடுத்தனர். பெயர் பெற்ற தாஸ்கோ பட்டறைகளின் நகைகளுக்கு, வெள்ளியின் விலையைப் போல் பல மடங்கு கொடுத்து வாங்கச் சேகரிப்பாளர் இன்று காத்திருக்கின்றனர். உருகிய நகையை எவ்விலை கொடுத்தும் மீட்க இயலாது.

அந்த வாடிக்கையாளரின் வளையல் யார் செய்தது என்று எங்களால் சொல்ல இயலவில்லை. ஆயினும், இவ்விவரங்களைக் கேட்டபின் அவர் அதைத் துணியில் சுற்றி மீண்டும் பெட்டகத்தில் வைத்தார். “கொலுசுக்குப் புது வெள்ளி வாங்கிக்கொள்கிறேன். இதைப் பேத்தி பெரியவளானபின் அப்படியே கொடுக்கிறேன்” என்றார். எடை பார்க்குமுன் பின்புறம் பாருங்கள் என்பதே வாடிக்கையாளர் அனைவருக்கும் எங்கள் வேண்டுகோள்.