தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போவதில்லை

ஆளுக்கொரு பிளேன்ரீயோடு இருந்து ஒரு வருத்தத்தைப் பற்றிப் பேசுவோம். யாழ்ப்பாணம் குருநகரில் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு கை வழங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். லண்டனிலிருந்தும் ஸ்காபரோவிலிருந்தும் பிள்ளைகள் போன் எடுப்பார்கள். "நடக்கிறாரோ? கதை விளங்குதோ? கைக்குப் பயிற்சி குடுக்கினமோ?" எல்லாம் கேட்க வேண்டியவைதான். இதயத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. வருத்தம் தலையில் வந்தது, நெஞ்சு தப்பிவிட்டது என்பது எல்லோருடைய நினைப்பும்.

அந்த நினைப்பைத்தான் கொஞ்சம் அவிழ்த்துப் பார்க்க வேண்டும். பாரிசவாதத்தில் சில, மூளையில் நாடி வெடித்து இரத்தம் கசிவதால் வருபவை. பெரும்பாலானவை மூளைக்குப் போகும் நாடி அடைபடுவதால் வருபவை. மாரடைப்பும் அடைப்புத்தான், அங்கே அடைபடுவது இதயத் தசைக்கே இரத்தம் ஊட்டும் முடியுரு நாடி. இரண்டு நாடிகளிலும் ஓடுவது ஒரே இரத்தம். அதே சீனி, அதே கொழுப்பு, அதே பிரசர். மூளைக்குப் போகும் கழுத்து நாடியைக் கெடுத்தது நெஞ்சு நாடியை விட்டுவைக்கும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை.

அடைப்பு என்றதும், உள்ளே கொழுப்புப் படிந்து வழி மெல்ல மெல்ல ஒடுங்குவதாகத்தான் நாம் நினைக்கிறோம். பல வேளைகளில் நடப்பது வேறு. கொழுப்பு நாடிச் சுவருக்குள்ளே சேருகிறது, தோலுக்கடியில் சீழ்க்கட்டு வருவதுபோல. மேலே மெல்லிய தோல். இரத்தம் தாராளமாக ஓடுவதால் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. ஒருநாள் அந்தத் தோல் கிழிகிறது. காயம் பட்ட இடத்தில் உறைவது இரத்தத்தின் குணம்; அங்கேயும் உறைகிறது. கழுத்தில் உறைந்த துண்டு மூளைக்கு ஏறினால் பாரிசவாதம், முடியுரு நாடியில் உறைந்து வழி மூடினால் மாரடைப்பு. ஓரிடத்தில் கட்டு உடைந்தவருக்கு வேறிடங்களிலும் கட்டுகள் இருக்கக்கூடும்.

அடைப்பால் பாரிசவாதம் வந்தவருக்குக் கொலஸ்ரோல் குளிசை கொடுப்பது இதற்காகத்தான். "ரிப்போட்டில நோர்மல், பிறகேன் குளிசை?" என்று நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அந்தக் குளிசை கொழுப்பைக் குறைப்பதோடு நிற்காமல், கட்டின் தோலைத் தடிப்பாக்கி உடையாமலும் காக்கிறது. ரிப்போட் நோர்மலாக வந்ததே பல வேளை குளிசையின் புண்ணியம்.

எங்கள் ஆட்களுக்கு மாரடைப்பு ஏன் முந்தி வருகிறது? 52 நாடுகளில் நடந்த இன்ரர்ஹார்ட் ஆய்வில் முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது தென்னாசியருக்கு 53, மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. வெளிநாட்டுச் சாப்பாடுதான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். அது பாதி நியாயம். மேற்கு லண்டனில் குடியேறிய பஞ்சாபியரையும், ஊரிலேயே இருந்துவிட்ட அவர்களின் கூடப்பிறந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 1995இல் 'லான்செட்' இதழில் வந்தது. லண்டன்காரருக்கு நிறை, பிரசர், கொலஸ்ரோல் மூன்றும் கூட. ஆனால் பரம்பரையாக வருகிற லிப்போபுரோட்டீன்-ஏ என்ற கொழுப்பு இரு பக்கத்தாருக்கும் ஏறக்குறைய ஒரேயளவு, வெள்ளையரைவிட அதிகம். ஆக, பிளேன் ஏறியவர் சிலதைக் கூட்டிக்கொண்டார், ஊரில் நின்றவரும் வெறுங்கையோடு நிற்கவில்லை.

இன்னொன்று, மெலிந்த உடம்பை நம்பும் வழக்கம். புனே வைத்தியர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜோன் யுட்கினும் 2004இல் தங்களையே அளந்து காட்டினார்கள். உயரத்துக்கேற்ற நிறை இருவருக்கும் ஒன்றுதான், சுட்டெண் 22.3. உடலில் கொழுப்பின் பங்கோ யுட்கினுக்கு நூற்றுக்கு 9.1, யாஜ்னிக்குக்கு 21.2. தென்னாசியருக்குக் கொழுப்பு வயிற்றைச் சுற்றித் தங்கும் போக்கு அதிகம், அதன் பின்னால் சலரோகமும் வரலாம். எனவே தராசைவிட அளவுநாடா நமக்குக் கூடுதல் உண்மை சொல்லும். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரைத் தொட்டால் கவனிக்க வேண்டியதுதான். கடலில் வலை இழுத்துத் திரண்ட தோளை நம்பி இந்த அளவைத் தள்ளிவிடக் கூடாது என்பது என் கட்சி.

சலரோகக்காரருக்கு மாரடைப்பு நோகாமலே வரலாம். மூச்சு வாங்கல், வியர்வை, காரணமில்லாத களைப்பு, அவ்வளவுதான். "நெஞ்சு நோகேல்லைத்தானே" என்பது அவர்கள் விஷயத்தில் ஆறுதல் ஆகாது.

ஆகவே வீட்டில் பாரிசவாதம் வந்தவர் இருந்தால், அடுத்த கிளினிக்கில் "இதயத்தைப் பார்த்தீர்களா டொக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். குளிசையைச் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும், நாற்பது வயதுதான் என்றாலும் சரி, தங்கள் பிரசரையும் சீனியையும் கொழுப்பையும் பார்க்கட்டும். திடீரென்று முகம் கோணினாலோ, கை விழுந்தாலோ, நெஞ்சு இறுகினாலோ ஓட்டோ தேடி நேரத்தைப் போக்காதீர்கள்: இலங்கையில் 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு வாங்க மாட்டார்கள்.