மூன்று மூட்டை யூரியா, முக்கால் மூட்டை பொட்டாஷ்

பெங்களூரு அல்சூர் கடைகளில் நாம் வாங்கும் அரிசி மண்டியாவிலிருந்து வந்தாலும் தஞ்சாவூரிலிருந்து வந்தாலும், அதன் விலைக்குள் மத்திய அரசின் பணமும் இருக்கிறது. 2022-23இல் உர மானியம் மட்டும் சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாய். அது எந்த மூட்டைக்குப் போகிறது என்பதில்தான் கோளாறு.

காவிரி டெல்டாவில் குறுகிய கால நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து, 50 கிலோ மணிச்சத்து, 50 கிலோ சாம்பல்சத்து என்பது பரிந்துரை. தழைச்சத்தை முழுக்க யூரியாவாகப் போட்டால் ஏக்கருக்கு மூன்று மூட்டை. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு, ஆக 800 ரூபாய். சாம்பல்சத்துக்குப் பொட்டாஷ் 34 கிலோ, 50 கிலோ மூட்டையில் முக்கால்கூட இல்லை. அதற்கே ஆயிரத்தைத் தாண்டுகிறது.

கையில் ரொக்கமில்லாத இரண்டு ஏக்கர்க்காரர் பொட்டாஷைத்தான் வெட்டுவார். யூரியா போட்ட சில நாளில் வயல் கருகருவென்று பச்சை பிடிக்கும். பின்னாலேயே புகையான் பூச்சி வரும், குலைநோய் வரும், காற்றடித்தால் பயிர் சாயும். மிச்சம் பிடித்த காசு பூச்சிமருந்துக் கடைக்குப் போகும். விவசாயிக்கு விவரம் போதாது என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். அவர் விலையைப் பார்த்து வாங்குகிறார். நாமும் அதைத்தானே செய்கிறோம்!

2010 ஏப்ரலில் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களுக்கு மானியத்தை நிர்ணயித்துவிட்டு, விலையைக் கம்பெனிகளிடம் விட்டார்கள். யூரியாவை அதில் சேர்க்கவில்லை, சேர்க்க எந்தக் கட்சிக்கும் தைரியமில்லை. அதுவரை 225 ரூபாய் வாக்கில் கிடைத்த 50 கிலோ பொட்டாஷ் மூட்டை, உக்ரைன் போர் மூண்ட 2022இல் 1,700 ரூபாயைத் தொட்டது. பொட்டாஷ் முழுக்க இறக்குமதிதானே.

மானியத்தைப் பணமாக வங்கியில் போடலாம் என்கிறார்கள் நிபுணர்கள். யார் கணக்கில்? ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிஎம் கிசான், நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். கர்நாடகத்தில் 1974 முதல் விவசாய நிலத்தைக் குத்தகைக்கு விடுவதே அநேகமாகச் சட்டவிரோதம். வாய்ப்பேச்சில் நிலம் பிடித்து நடுகிறவரிடம் துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. இன்று உரக்கடையில் ஆதாரைக் காட்டிக் கைரேகை வைத்தால் அவருக்கும் மானிய விலையில் மூட்டை கிடைக்கிறது. பணமாக மாற்றினால் அது நிலச் சொந்தக்காரருக்குப் போகும். அவர் நம் தெருவிலேயே இருக்கலாம்.

ஆகவே மானியம் மூட்டைமேலேயே இருக்கட்டும், மூட்டையை மாற்றுங்கள். நாட்டில் ஆண்டுக்கு 350 லட்சம் டன்னுக்கு மேல் யூரியா போகிறது. மூட்டைக்கு 30 ரூபாய் ஏற்றினால் 2,300 கோடி ரூபாய் தேறும், அதைப் பொட்டாஷுக்குத் திருப்பலாம். தனியாக விற்கும் பொட்டாஷோ 20 லட்சம் டன் வாக்கில்தான். விலை இறங்கினால் விற்பனை கூடும், கணக்கு கொஞ்சம் மாறும். இப்போதைய விற்பனைக்கு மூட்டைக்கு 500 ரூபாய்க்கு மேல் குறைக்கலாம். ஏக்கருக்கு யூரியாவில் கூடுவது 90 ரூபாய், பொட்டாஷில் குறைவது 300க்கு மேல்.