அப்பத்தா ரூம் லைட் ஏன் 'நெனச்சாத்தேன்' எரியுது? பழைய பவர்லைன் ஸ்மார்ட் ஹோம் செட்டின் சிக்னல் சிக்கல்கள்!

"இந்த லைட்டு நெனச்சாத்தேன் எரியுதுய்யா... என்னைய என்ன பண்ணச் சொல்ற?"

அப்பத்தா இதைச் சொன்னபோது அவங்க வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. முந்தின நாள் ராத்திரி பத்தரை மணி. கட்டில் தலைமாட்டில் இருந்த பட்டனை நாலு தடவை அமுக்கியிருக்காங்க. பாத்ரூம் போற வழியில் இருக்கிற லைட் எரியலை. சரி, பழகின இடம்தானேனு இருட்டுலயே நடந்து, நிலைப்படி தடுக்கி விழுந்துட்டாங்க. எலும்பு முறியாதது அதிர்ஷ்டம்.

வீடு, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம். (தாவணின்னா இங்கே மாட்டுச் சந்தை. ஊர் பேரைக் கேட்டு சிரிக்கிற வெளியூர் நண்பர்களுக்காக இந்த அடைப்புக்குறி!) சித்தப்பா இங்கிலாந்தில் சில வருஷம் வேலை பார்த்துட்டுத் திரும்பும்போது, ஒரு பை நிறைய வெள்ளை டப்பாக்களைக் கொண்டுவந்தார். ஒண்ணை பிளக்கில் சொருகி பட்டனை அமுக்கினா, வேற ரூமில் சொருகியிருக்கிற இன்னொண்ணு லைட்டைப் போடும். வைஃபை வேண்டாம், ஆப் வேண்டாம், புது வயரிங்கும் வேண்டாம். ஸ்மார்ட்போன் தொடாத அப்பத்தாவுக்கு இதைவிட வேறென்ன வேணும்? பல வருஷம் ஒழுங்காத்தான் ஓடுச்சு. போன கோடையிலிருந்துதான் இந்தக் கூத்து.

"தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க"னு வீட்டில் எல்லோரும் சொன்னாங்க. நான்தான் ஒரு வாரம் டைம் கேட்டேன்.

கரண்ட் கம்பிக்குள்ளே ஒரு ரகசியப் பேச்சு

இந்த வகைக்கெல்லாம் மூதாதை 'எக்ஸ்10'. 1975-ல் ஸ்காட்லாந்தின் க்ளென்ராத்தஸ் ஊரில் இருந்த பிக்கோ எலெக்ட்ரானிக்ஸ் உருவாக்கியது. அவங்களோட பத்தாவது சோதனை முயற்சி என்பதால் அந்தப் பேர். 1978-ல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்துவிட்டது.

நம்ம வீட்டு கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதாவது விநாடிக்கு 100 முறை அது பூஜ்யத்தைத் தொட்டுட்டுப் போகும். கரண்ட் அமைதியா இருக்கிற அந்தக் கணத்தில்தான் எக்ஸ்10 பேசும். 120 கிலோஹெர்ட்ஸில், ஒரு மில்லிசெகண்டு நீளத்துக்கு ஒரு சின்னத் துடிப்பு. துடிப்பு இருந்தா 1, இல்லைன்னா 0. 'இந்த நம்பர் லைட், ஆன் ஆகு' என்று முழுசாச் சொல்லி முடிக்க 47 சைக்கிள் தேவை. நம்ம ஊர் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு விநாடி. அந்த ஒரு விநாடிக்குள் யாராவது குறுக்கே கத்தினா போச்சு. இன்னொரு கொடுமை, பழைய மாடல்களில் இது ஒருவழிப் பேச்சு. சொன்னது காதில் விழுந்துச்சா இல்லையானு பட்டனுக்குத் தெரியவே தெரியாது.

இது ஏதோ வெளிநாட்டு விளையாட்டுப் பொருள் என்று நினைக்க வேண்டாம். ஊருக்கு வெளியே சப் ஸ்டேஷனைக் கடக்கும்போது, உயரமான லைன்களில் பீப்பாய் மாதிரி கம்பிச்சுருள் தொங்குறதைப் பார்த்திருப்பீங்க. அது 'வேவ் டிராப்'. மின்வாரியங்கள் உயரழுத்த லைன் வழியாவே பேசவும் தகவல் அனுப்பவும் செய்றாங்க. அந்த சிக்னல் சப் ஸ்டேஷன் மெஷின்களுக்குள் போய் வீணாகாமல் தடுக்கிறதுதான் அந்தச் சுருளோட வேலை. இதை நினைவில் வைங்க, பின்னாடி உதவும்.

முதல்ல டப்பா மேல பழி போடாதீங்க

நான் செஞ்ச முதல் காரியம், பட்டன் யூனிட்டையும் லைட் யூனிட்டையும் ஒரே சுவிட்ச்போர்டில் சொருகினது. பத்து தடவை அமுக்கினேன், பத்து தடவையும் எரிஞ்சது. ஆக, டப்பாக்கள் நல்லாத்தான் இருக்கு. நடுவில் இருக்கிற பாதையில்தான் கோளாறு. (அந்த மூணு சதுரப் பின்னுக்கு அடாப்டர் போட்டிருந்தா, அது லூஸா ஆடுதானும் பாருங்க.)

அப்புறம் ஒரு நோட்டு. எப்போ எரியுது, எப்போ எரியலைனு ஒரு வாரம் அப்பத்தாகிட்ட கேட்டுக் கேட்டு எழுதினேன். விடியக்காலை 4 மணிக்கு பெரும்பாலும் எரியுது. ராத்திரி 9-லிருந்து 11 வரை சுத்தமா மக்கர். கோளாறு நேரம் பார்த்து வருதுன்னா, அந்த நேரத்தில் வீட்டில் வேற எதுவோ ஓடுதுனு அர்த்தம்.

அதுக்கு முன்னாடி எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். "ஏன் தம்பி, போன கோடை மழையில ஒரு பேஸ் போச்சே, அப்ப இந்த ரூமை மாத்தி விட்டேன்ல... திருப்பி மாத்துனமா?"

மாத்தவே இல்லை! மூணு பேஸ் கனெக்‌ஷன் உள்ள நம்ம ஊர் வீடுகளில் இது ரொம்ப சகஜம். ஒரு பேஸ் போனா, செலக்டரைத் திருப்பி அந்த ரூமை வேற பேஸுக்குக் கொண்டுபோவோம். ஃபேன் சுத்தினதும் அதை மறந்துடுவோம். ஆனா பட்டன் ஒரு பேஸில், லைட் இன்னொரு பேஸில் என்றால் சிக்னலுக்கு நேர் வழி கிடையாது. ஒரே பைப்பில் பக்கத்துப் பக்கத்தில் ஓடுற வயர்கள் வழியா ஏதோ கொஞ்சம் கசிஞ்சுதான் போய்ச் சேரும். விடியக்காலை அமைதியில் அந்தக் கசிவே போதுமா இருந்திருக்கு.

செலக்டரைத் திருப்பியதும் பாதிப் பிரச்னை தீர்ந்தது. அப்படித் திருப்ப வழியில்லாத வீடுகளுக்கு, மெயின் போர்டில் எம்.சி.பி-க்கள் பக்கத்தில் மாட்டுற 'பேஸ் கப்ளர்' உண்டு. யூடியூப் பார்த்து நீங்களே கெப்பாசிட்டரை இணைக்கிற வேலை மட்டும் வேண்டாம். இரண்டு பேஸுக்கு நடுவில் 400 வோல்ட் நிற்கும். அதுக்குன்னே ரேட்டிங் உள்ள பொருளை, லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன், மெயினை அணைச்சுட்டு மாட்டணும்.

சத்தமில்லாத திருடர்கள்

மீதிப் பாதி? ஒவ்வொரு பிளக்கா கழற்றிப் பார்த்தோம். மாட்டினது ஹாலில் டிவி மூலை. ஸ்பைக் கார்டு வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் டிவி, செட்டாப் பாக்ஸ், தம்பியோட லேப்டாப் சார்ஜர், ரெண்டு ஃபாஸ்ட் சார்ஜர். இவை இரண்டு விதமா கெடுக்கும். சில மலிவு சார்ஜர்களும் எல்.இ.டி பல்புகளும் லைனில் இரைச்சலைக் கிளப்பும். ஸ்பைக் கார்டும் நல்ல சார்ஜர்களும் இரைச்சல் போடாது. ஆனா உள்ளே இருக்கிற ஃபில்டர் கெப்பாசிட்டர் நம்ம சிக்னலையும் இரைச்சல்னு நினைச்சு உறிஞ்சிடும். தரமான பொருள்தான் பெரிய திருடன் என்பது எனக்கே கொஞ்சம் சிரிப்பா இருந்தது. ரிமோட்டில் அணைச்சா போதாது, சுவரில் சுவிட்சை அணைக்கணும்.

இதுக்கு மருந்து பிளக்-இன் ஃபில்டர். சப் ஸ்டேஷனில் தொங்குற அந்தப் பீப்பாயோட குட்டித் தம்பி. திருடனுக்கும் லைனுக்கும் நடுவில் மாட்டினா, சிக்னல் அவன்கிட்ட போகாது. டிவி மூலைக்கு ஒண்ணு போட்டோம், பத்தரை மணிக்கும் லைட் எரிஞ்சது.

சின்ன விஷயங்கள் சிலதும் உண்டு. பழைய லேம்ப் மாட்யூல்கள் குண்டு பல்புக்காகச் செய்யப்பட்டவை. எல்.இ.டி மாட்டினா சிமிட்டும், அணைச்ச பிறகும் மங்கலா ஒளிரும். அதுக்கு ரிலே உள்ள அப்ளையன்ஸ் மாட்யூல்தான் சரி. லைட் தானா எரிஞ்சா பேயை விரட்டும் முன் 'ஹவுஸ் கோடை' மாத்துங்க, பக்கத்து வீட்டு சிக்னலாவும் இருக்கலாம். அமெரிக்க உறவினர் கொடுத்த 110 வோல்ட் செட்டை நேரா சொருகினா புகைதான் வரும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டா டப்பா பிழைக்கும். ஆனா அந்த டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி சிக்னல் ஒழுங்கா வராது.

கரண்ட் போனா?

எல்லாம் முடிஞ்சதுனு நிமிர்ந்தப்போ பவர்கட். லைட் எரியலை. வழி லைட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கு, பட்டன் இருந்த பிளக் நேர் லைனில். கரண்ட் போனதும் பட்டன் செத்துடுச்சு. ரெண்டையும் இன்வெர்ட்டர் லைனுக்குக் கொண்டுபோகலாம். ஆனா சித்தப்பா வீட்டில் இருப்பது பழைய ஸ்கொயர் வேவ் வகை. பூஜ்யத்தை எதிர்பார்த்துப் பேசுற சாதனத்துக்கு அந்தக் கரடுமுரடான அலை ஒத்துவராது. இதில் மட்டும் நான் தோல்வியை ஒப்புக்கிட்டேன். ஆள் நடமாட்டம் கண்டா தானா எரியுற பேட்டரி லைட் ஒண்ணை வாங்கி, அந்த நிலைப்படிக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

அப்பத்தா இப்பவும் பட்டனைத்தான் முதலில் அமுக்குறாங்க. "இது நான் சொல்லி எரியுது, அது அதுபாட்டுக்கு எரியுது" என்கிறார்.