சுழல்துப்பாக்கியின் வாய்ச்சுடர்

1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த .357 மாக்னம் போன்ற ஆற்றல்மிக்க தோட்டாக்களைச் சுழல்துப்பாக்கியில் வைத்து இருளில் சுடுங்கால், குழல்வாயில் பெருஞ்சுடர் ஒன்று தோன்றி மறைகிறது. இஃது எவ்வாறு உண்டாகிறது?

வெடிமருந்திலேயே அடங்கியுள்ள ஆக்ஸிஜன் அது முற்றிலும் எரியப் போதுமானதன்று. ஆகவே கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் எஞ்சுகின்றன. வெப்பம் மிக்க இவ்வாயுக்கள் வெளிப்போந்து காற்றுடன் கலந்ததும் தீப்பற்றுகின்றன. குழல் குட்டையாயின், அவை போதிய அளவு விரிந்து குளிராமுன் வெளிப்படுவதால் சுடர் பெருகும். உருளைக்கும் குழலுக்கும் இடையேயுள்ள நுண்ணிய இடைவெளியிலும் தீ பீறிடும். அங்கு விரல் வைத்தலாகாது.

மருந்தில் சிறிதளவு பொட்டாசியம் உப்பைச் சேர்த்தால் சுடர் தணியும். ஆனால் புகை மிகும். கண் இருளுக்கு முற்றிலும் பழக ஏறக்குறைய 30 நிமிடம் வேண்டும்; அப்பார்வையை ஒரு கணச் சுடர் மங்கச் செய்துவிடும். இரவுக் காவலருக்கு இது உயிர்ப் பிரச்சினையாகும்.