அப்பாவோட ஸ்கேன் ரிப்போர்ட்டுல 'புரோஸ்டேட் வீக்கம்'னு இருந்தா?

நீங்க பெங்களூருல ஆபீஸ்ல இருக்கீங்க. பாலக்கோட்டுல இருந்து அப்பா ஸ்கேன் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்புல அனுப்புறார்: 'புரோஸ்டேட் 60 மி.லி., வீக்கம்'. கூகுள்ல தேடினா முதல்ல வர்ற வார்த்தை கேன்சர்.

பொறுங்க. தண்ணி குடிக்கவெச்சு வயித்து மேல எடுக்கற அல்ட்ராசவுண்ட், சுரப்பியோட அளவைத்தான் நல்லா சொல்லும். இளவயசுல 20 மி.லி. சுமாருக்கு இருக்கறது வயசானா பெருசாகறது சகஜம். அது மட்டுமே கேன்சர் ஆகாது. அதேபோல 'நார்மல்'னு வந்தா கேன்சர் இல்லைன்னும் அர்த்தமில்ல. இதைத்தான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க.

அந்த அளவு இன்னொரு கணக்குக்கு உதவும். ரத்தத்துல பி.எஸ்.ஏ. 6 வந்திருக்குன்னு வைங்க. 60ஆல வகுத்தா 0.1. அதே 6, சுரப்பி 30 மி.லி.தான்னா 0.2. பொதுவா 0.15ஐ தாண்டினா டாக்டர்களுக்குச் சந்தேகம் கூடும்.

அடுத்து, ஆசனவாய் வழியா எடுக்கற ஸ்கேன். கேட்டதுமே அப்பா 'அதெல்லாம் வேணாம்பா'ன்னுவார். ஆனா கேன்சர் பெரும்பாலும் ஆரம்பிக்கறது சுரப்பியோட பின்பக்கம், மலக்குடலை ஒட்டி. அவ்வளவு கிட்டப் போயும் பல கட்டிகள் படத்துல தெரியாது! அதனால அந்தப் படம் முக்கியமா ஊசிக்கு வழிகாட்டத்தான். வழக்கமா 12 இடத்துல துளித் துளியா சதை எடுப்பாங்க. கேன்சரா இல்லையான்னு சொல்றது அந்த பயாப்சிதான்.

தர்மபுரியிலயோ சேலத்துலயோ யூராலஜி டாக்டரைப் பார்க்கும்போது, ஸ்கேனோட பி.எஸ்.ஏ. ரிப்போர்ட்டையும் அப்பா கையில கொடுத்தனுப்புங்க.