பட்டத்துக்கு முன்னால் ஒரு கேள்வி

பி.இ. முடித்தவருக்கு மேற்படிப்பில் இரண்டு பாதைகள் உண்டு. எம்.இ., எம்.டெக். இரண்டும் பெரும்பாலும் வகுப்பறைப் படிப்பு. பாடங்களை முடித்து, கடைசியில் ஒரு ப்ராஜெக்ட் செய்தால் பட்டம் கிடைத்துவிடும். எம்.எஸ். ஆராய்ச்சிப் பட்டமும் பிஎச்.டி.யும் வேறு வகை. பாடங்கள் கொஞ்சம்தான். யாரும் முழுதாக விடை காணாத கேள்வி ஒன்றை எடுத்து, சோதித்து, ஆய்வேடாக எழுதி, நிபுணர்கள் முன் நிலைநாட்ட வேண்டும். கேள்வி சரியாக அமையாவிட்டால் எவ்வளவு உழைத்தும் பயனில்லை.

நல்ல கேள்வி எப்படியிருக்கும் என்று பார்க்க மதுரைப் பக்கத்துச் சோழவந்தான்காரர்கள் தொலைதூரம் போக வேண்டாம். மதுரையை அடுத்த திருப்பரங்குன்றத்தில், கருமுத்து தியாகராஜர் 1957இல் நிறுவிய தியாகராஜர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அதன் வேதியியல் பேராசிரியர் வாசுதேவன் எடுத்துக்கொண்ட கேள்வி எளியது: குப்பையாகும் பிளாஸ்டிக்கைச் சாலை போடப் பயன்படுத்த முடியுமா?

தார்ச் சாலைக்கு முதல் எதிரி தண்ணீர். ஜல்லிக்கும் தாருக்கும் நடுவே மழைநீர் இறங்கினால் பிடிப்பு விட்டுப்போகும், பள்ளம் விழும். சுமார் 170 டிகிரி செல்சியஸில் காய்ந்த ஜல்லியின் மேல் துண்டு துண்டாக நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால், அது நொடிகளில் உருகி ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய படலமாகப் படிந்துவிடுகிறது. அதன்மேல் தாரைக் கலந்தால் தார் இறுகப் பிடிக்கிறது, தண்ணீர் எளிதில் உள்ளே புகுவதில்லை. கேட்க இவ்வளவுதான். ஆனால் எந்த பிளாஸ்டிக், எவ்வளவு, எத்தனை டிகிரி என்று ஒவ்வொன்றையும் சோதித்தல்லவா சொல்ல வேண்டும்? பி.வி.சி. சூடானால் நச்சு வாயு வரும் என்பதால் அதை ஒதுக்க வேண்டும். தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம் பிளாஸ்டிக் என்பது விதியானது. காப்புரிமை கிடைத்தது 2006இல். இந்தியச் சாலைப் பேரவை வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது 2013இல். பேராசிரியருக்குப் பத்மஸ்ரீ 2018இல். ஆராய்ச்சிக்கு வருபவர் மனத்தில் வைக்க வேண்டிய கால அளவு இது.

பட்டத்துக்கான கால அளவைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, கூடியது 6 ஆண்டு. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு வரை சலுகை உண்டு. மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் உண்டு. முதுகலைப் பட்டத்தில் 55 சதவீதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். நான்காண்டு இளநிலைப் பட்டம் மட்டும் உள்ளவர் 75 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். வேலையில் இருப்பவர் நிறுவனத்தின் தடையில்லாச் சான்றுடன் பகுதிநேரமாகச் சேரலாம்.

சேர்ந்ததும் வழிகாட்டியும் ஆய்வுக் குழுவும் அமையும். கோர்ஸ் ஒர்க் முடித்தபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழுவின் முன் வேலையை விளக்க வேண்டும். முடிவில் சினாப்சிஸ், ஆய்வேடு, வெளி நிபுணர்கள் இருவரின் மதிப்பீடு, வைவா.

பண விஷயத்தைக் கூச்சப்படாமல் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. கேட் தேர்வில் தகுதி பெற்று எம்.டெக். சேருவோருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. பிஎச்.டி.க்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். இவை எல்லோருக்கும் கிடைப்பதில்லை. உதவித்தொகை இல்லாத கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்தால் நான்கைந்து வருடச் செலவும் வீட்டின் தலையில்தான் விழும்.

மறுபடி ஆய்வுக் கேள்விக்கு வருவோம்; அது ஊரிலேயே கிடைக்கும். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடிக்காலில் ஈரம் குறைந்தாலும் கொடி வாடும், தண்ணீர் தேங்கினாலும் வேரழுகும். மண்ணின் ஈரத்தைக் குறைந்த செலவில் அளந்து சொல்லும் கருவி மின்னணுவியல் மாணவருக்கு ஏற்ற ஆய்வுப் பொருள். பெரியாறு பாசனக் கால்வாயில் கசிந்து வீணாகும் நீர் சிவில் மாணவருக்கு. அன்றாடம் பார்க்கும் பொருளில் ஆய்வு செய்பவருக்குச் சோதனைக்களம் பக்கத்திலேயே இருக்கும். விடை பயன்படப்போகும் ஆட்களும் அங்கேயே இருப்பார்கள்.

விண்ணப்பம் போடுமுன் வழிகாட்டியாக வரப்போகிறவர் அண்மையில் வெளியிட்ட கட்டுரைகளைப் படித்துப் பாருங்கள். அவரிடம் இப்போது ஆய்வு செய்யும் மாணவர்களிடம், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை ஆண்டு ஆனது என்று நேரில் விசாரியுங்கள். கல்லூரியின் பெயரைப் பார்த்துச் சேருவது அதற்கு அப்புறம்தான்.