மாடியில் கிர்ணி – 9: சொறி இல்லக்கா, வலை!

நுனி கிள்ளியாயிற்று, பக்கக் கிளையில் பூத்தாயிற்று, பிஞ்சும் நின்றாயிற்று. போன வாரம் அவ்வளவுதான். தவறவிட்டவர்கள் பக்கத்து வீட்டில் பழைய இதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், எனக்கு இடம் குறைவு.

இந்த வாரம் பழ ஈ என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அலுவலகத்திலிருந்து காலையிலேயே போன் வந்துவிட்டது. "ஈ எங்கே சார்?" ஈயைத் தேடித்தான் மாடிக்குப் போனேன். கண்ணில் பட்டதோ பழத்தோல்.

அந்த நேரம் பார்த்துத் துணி காயப்போட வந்த மேல்வீட்டு அக்கா கொடியை உற்றுப் பார்த்தார். "என்னங்க, காய்க்குச் சொறி பிடிச்சிருக்கு? வேப்பெண்ணெய் அடிங்க."

"சொறி இல்லக்கா, வலை. அந்த ரகமே அப்படித்தான்."

"வலையோ, சொறியோ, மத்த காய்க்குப் பரவுறதுக்குள்ள அடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அக்கா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஆசையாகத் தடவிப் பார்த்து வாங்குகிறோமே, அந்தப் பின்னல் முழுக்கத் தழும்பு!

எலுமிச்சை அளவில் இருக்கும்போது பிஞ்சின் தோலில் மெல்லிய பூனைமுடி இருக்கும். முடி உதிர்ந்தால் வழவழ. மகரந்தம் சேர்ந்து சுமார் இரண்டு வாரத்தில் மேல்தோலின் வளர்ச்சி மந்தமாகிறது. உள்ளே சதை சும்மா இருக்குமா? பெருத்துக்கொண்டே தள்ளுகிறது. தோல் தாங்காமல் மயிரிழை அளவுக்குக் கீறுகிறது. கீறலுக்கு அடியில் இருக்கும் செல்கள் உடனே பெருகி, அந்தப் பிளவைத் தக்கைத் திசுவால் அடைக்கின்றன. காய் இன்னும் பெருக்கிறது, கீறல் கிளைவிடுகிறது, தக்கை மேலெழும்புகிறது. கடைசியில் கீறலெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து வலையாகிவிடுகிறது. உருளைக்கிழங்கின் தோலும் பாட்டில் மூடும் தக்கையும் இதே ஜாதித் திசுதான். சூபரின் என்ற மெழுகுத்தன்மையுள்ள பொருள் ஏறியிருப்பதால், உள்ளே இருக்கும் ஈரம் கண்டபடி வெளியேறாது.

பேத்தியின் பூதக்கண்ணாடியை வாங்கி வைத்துப் பார்த்தேன். புதுக் கீறலின் ஓரம் பச்சையாக, தொட்டால் லேசாக ஈரம் ஒட்டுகிறது. அதற்கு ஒரு விரற்கடை தள்ளி ஆறிப்போன கோடு. நகத்தால் சுரண்டினால் பழுப்புத் தூள் உதிர்கிறது. ஒரே காயில் புதுக் காயமும் பழைய தழும்பும் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. ஈ எங்கிருந்து ஞாபகம் வரும்?

இந்தத் தழும்புக்கு ஜப்பானில் இருக்கும் மவுசைக் கேளுங்கள். ஷிசுவோகா பகுதியின் கண்ணாடிக் கூடங்களில் ஒரு கொடிக்கு ஒரே பழம்தான் விடுகிறார்கள், மற்ற பிஞ்சுகளைக் கிள்ளி எறிந்துவிடுகிறார்கள். வலை சீராக, மேடாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் பழத்துக்குத் தரம். ஹொக்கைடோவின் யூபாரி கிர்ணியும் வலைத்தோல் ரகம்தான். 2019இல் சப்போரோ சந்தையில் அதன் ஜோடி 50 லட்சம் யென்னுக்கு ஏலம் போனது. நம்மூர் ஜூஸ் கடைக்காரர் கேட்டால் மிக்ஸியை நிறுத்திவிடுவார்.

நமக்கு ஏலம் வேண்டாம், பழம் வெடிக்காமல் இருந்தால் போதும். அதற்குத் தண்ணீரில்தான் கவனம் வேண்டும். வலை விழும் நாட்களில் கொடி நிற்கும் மண் பையைக் காயவிட்டு, பிறகு வாளி வாளியாக ஊற்றினால் மயிரிழைக் கீறல் பிளவாகிவிடும், தக்கை அடைக்க நேரம் கிடைக்காது. தினமும் காலையில் ஒரே அளவாக ஊற்றுங்கள். பழுக்கும் கட்டத்தில் பாதியாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் இனிப்பு நீர்த்துவிடும். கோடைமழை பெய்த அன்று ஊற்றவே வேண்டாம்.

"என் கொடியில் வலையே வரவில்லை" என்று ஒரு வாசகி வருத்தப்பட்டிருக்கிறார். விதை உறையைப் பாருங்கள் அம்மா. அர்கா ராஜ்ஹன்ஸில் மெல்லிய வலை வரும். ஹனிடியூ போட்டிருந்தால் கடைசிவரை வழவழப்புதான்.

அழகான இந்த வலையில் ஒரு சங்கடமும் உண்டு. அதன் சந்துகளில் மண்ணும் கிருமியும் ஒளிந்துகொள்ளும். 2011இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் பண்ணை ஒன்றிலிருந்து போன கேண்டலூப் என்ற வலைத்தோல் கிர்ணிப் பழங்களில் லிஸ்டீரியா கிருமி இருந்து 33 பேர் இறந்தார்கள். தோலை யாரும் தின்பதில்லை, ஆனால் வெட்டும் கத்தி தோலைத் தாண்டித்தானே சதைக்குப் போகிறது? ஆகவே ஓடும் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, துடைத்த பிறகு வெட்டுங்கள். மாடியில் விளைந்ததற்கும் இதே சட்டம்தான்.

கொன்ற பழத்தைச் சொல்லிவிட்டுக் காப்பாற்றிய பழத்தை விட முடியாது. பென்சிலினை ஃபிளெமிங் கண்டது 1928இல். ஆனால் அவருடைய பூஞ்சை சுரந்தது சொற்பம். 1941இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஃப்ளோரி, ஹீட்லி என்ற விஞ்ஞானிகள் உதவி கேட்டு அமெரிக்கா போனார்கள். இல்லினாய் மாநிலத்துப் பியோரியாவில் இருந்த வேளாண் துறை ஆய்வகம், நன்றாகச் சுரக்கும் பூஞ்சையைத் தேடி உலகம் முழுவதிலிருந்தும் மண் வரவழைத்தது. 1943இல் அது அகப்பட்டதோ உள்ளூரிலேயே, பூசணம் பிடித்த ஒரு கேண்டலூப்பில்! அந்தப் பூஞ்சையை எக்ஸ்-ரேயிலும் புற ஊதாக் கதிரிலும் காட்டிக் காட்டி மேம்படுத்தினார்கள். இன்று தொழிற்சாலைகளில் பென்சிலின் சுரக்கும் பூஞ்சைகளில் அநேகமாக எல்லாமே அதன் வம்சம்தான். அதற்காக அழுகிய கிர்ணியை மருந்தென்று யாரும் நக்கிப் பார்க்க வேண்டாம்.

இடம் முடிகிறது, பறிக்கும் பக்குவத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். வலைக்கு அடியில் பச்சை மாறி மஞ்சள் தட்ட வேண்டும். காம்பு பழத்தோடு சேரும் இடத்தில் வட்டமாக ஒரு வெடிப்பு விழ வேண்டும். லேசாகத் தூக்கினாலே கையோடு வந்துவிடும். அவசரப்பட்டுப் பறித்து அரிசிப் பானையில் வைத்தால் பழம் மெத்தென்று ஆகும், வாசனையும் வரும், இனிப்பு மட்டும் ஏறாது. சர்க்கரையாக மாற அதனிடம் மாவுச்சத்து கையிருப்பு கிடையாது.

பழ ஈ அடுத்த வாரம், சத்தியமாக. எலுமிச்சை அளவுப் பிஞ்சு வைத்திருப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். பழைய வேட்டித் துணியில் பை தைத்து இப்போதே மாட்டிவிடுங்கள். வலை விழுகிறதா என்று தினம் அவிழ்த்துப் பார்க்கக் கூடாது. அந்த ஆசைக்கு ஒரு காயை மட்டும் ஈக்கு நேர்ந்து விட்டுவிடுங்கள்.

(தொடரும்)